கயிற்றின் இரு முனைகள்

ஆல்ப் என்ற சொல்லுக்கு, அந்த மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களிடம் சிகரம் என்ற பொருள் கிடையாது. ஜெர்மன் பேசும் ஸ்விஸ் பள்ளத்தாக்குகளில் இன்றும் அது கோடைக்கால மேய்ச்சல் நிலத்தையே குறிக்கும். பனி உருகியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போவார்கள். அங்கேயே தங்கிப் பால் கறந்து, சீஸ் செய்து, குளிர் தொடங்கும் முன் இறங்கி வருவார்கள். அந்தப் புல்வெளிதான் ஆல்ப். அதற்கும் மேலே பாறையும் பனியுமாக நிற்பது அவர்கள் கணக்கில் விளையாத நிலம். மேட்டர்ஹார்ன் என்னும் புகழ்பெற்ற பெயருக்குள்ளும் 'மாட்டே' என்ற புல்வெளியே இருக்கிறது. அதன் அடியிலுள்ள செர்மாட் ஊரின் பெயரும் அதே புல்வெளியிலிருந்து வந்ததுதான். கீழே வாழ்ந்தவர்கள் புல்லைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இன்றைய பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரு வாக்குறுதி தவறாமல் இடம்பெறும். வண்டியில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒன்று, நடந்தும் ஏறியும் பனியில் சறுக்கியும் துடுப்பு வலித்தும் செல்பவருக்குக் கிடைக்கும். உடல் வருந்தினால் நிலமும் அதன் மக்களும் நெருங்கி வருவார்கள் என்பது அது. இந்த எண்ணம் ஒரு தொழிலாக உருத்திரண்டது, பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதி தொடங்கிச் சற்றேறக்குறைய நூறாண்டுகளில், ஆல்ப்ஸ் மலைகளில்தான். வாக்குறுதியில் எவ்வளவு உண்மை என்று உரசிப் பார்க்கவும் அந்த நூறாண்டுகளே ஏற்ற இடம். ஆனால் ஒரு சிக்கல். வந்தவர்கள் ஏராளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களை ஏற்றிவிட்டவர்கள் எழுதியவை மிகச் சொற்பம். ஒரு தரப்பின் எழுத்துக்குள்ளிருந்தே மறு தரப்பைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

1741இல் விண்டம், போகாக் என்ற இரு ஆங்கிலேயர்கள் தம் கூட்டத்துடன் ஷமோனி பள்ளத்தாக்குக்குப் பனியாறு பார்க்கச் சென்றபோது, துப்பாக்கிகளும் கூடாரங்களும் எடுத்துச் சென்றார்கள். ஊருக்குள் காட்டுமிராண்டிகள் இருக்கலாம் என்ற அச்சம். அங்கே அவர்கள் கண்டது சர்ச்சும் வயலும் மாட்டுத் தொழுவங்களும் உள்ள ஒரு சாதாரண கிராமம். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1760இல், ஜெனீவாவிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் வந்தார். ஓராஸ் பெனெடிக்ட் டி சசூர். அமைப்பியல் விவாதங்கள் வழியாக நம் சிற்றிதழ் வாசகர்கள் அறிந்த மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூருக்கு இவர் கொள்ளுத் தாத்தா. மோன் பிளாங் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். பரிசுக்குரியவர் கிடைக்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

1786 ஆகஸ்ட் 8 அன்று மாலை மோன் பிளாங் உச்சியில் நின்றவர்கள் இருவர். ஷாக் பல்மா, மிஷேல் கப்ரியேல் பக்கார். பல்மா படிகக் கல் தேடி மலையில் அலைபவர்; ஷாமுவா என்னும் மலையாட்டையும் வேட்டையாடுவார். (நம் வரையாட்டுக்கு அது தூரத்து உறவு.) பக்கார் ஷமோனி ஊரின் மருத்துவர். இருவரும் உள்ளூர்க்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய மலையேற்ற வரலாறு தன் தொடக்கமாகக் கொண்டாடும் நாளில் வெளியூர்ப் பயணி எவரும் அந்தப் பனியில் இல்லை. சசூர் அடுத்த ஆண்டு, 1787இல், பதினெட்டு வழிகாட்டிகளும் ஒரு பணியாளும் புடைசூழ ஏறினார். பாரமானியையும் வெப்பமானிகளையும் அவர்கள் சுமந்தார்கள். உச்சியில் நான்கரை மணி நேரம் இருந்து அவர் அளவுகள் எடுத்தார். அறிவியலுக்கு அது பெரிய நாள்தான், அதில் ஐயமில்லை.

ஆனால் பிறகு நடந்தது வேறு. பக்காரால் ஏற முடியவில்லை, பல்மாதான் இழுத்துச் சென்றார் என்ற கதை பரவியது. சிகரத்தை எட்டும் ஆசை நிறைவேறாத பூரி என்ற ஜெனீவா எழுத்தாளர் அதற்கு வித்திட்டார். 1832இல் நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் துய்மா முதிய பல்மாவைச் சந்தித்து, அவர் சொன்னதை மேலும் சுவையூட்டி எழுதினார். ஒரு நல்ல கதைசொல்லியின் கையில் சிக்கிய வரலாற்றை மீட்பது எளிதல்ல. 1887இல் ஷமோனி சதுக்கத்தில் சிலை வைத்தார்கள். பல்மா சிகரத்தைச் சுட்டிக்காட்ட, சசூர் நிமிர்ந்து பார்க்கிறார். உடன் ஏறிய பக்கார் அதில் இல்லை. அவருக்குத் தனிச் சிலை வைக்க 1986 வரை, அதாவது ஏற்றத்தின் இருநூறாம் ஆண்டு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. வழிகாட்டுபவர், வழிகாட்டப்படும் கனவான் என்ற அமைப்புக்குள் அடங்காத மனிதர் அவர். படித்தவர், ஆனால் உள்ளூர்க்காரர். மலையேறி, ஆனால் கூலிக்கு ஏறாதவர். அப்படிப்பட்டவரை வைக்க அந்தச் சிலையில் இடமில்லாமல் போனதில் வியப்பில்லை என்றே எனக்குப் படுகிறது.

1820 ஆகஸ்டில் ஹாமெல் என்ற ருஷ்ய அறிவியலாளர் மோன் பிளாங் ஏற வந்தார். வானிலை சரியில்லை, திரும்பிவிடலாம் என்று வழிகாட்டிகள் தயங்கினார்கள். அவர் பிடிவாதம் பிடித்தார். பனிச்சரிவு அடித்துச் சென்றதில் மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் புதைந்து இறந்தார்கள். பயணிகள் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு, 1821இல், ஷமோனி வழிகாட்டிகள் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். உலகின் முதல் மலை வழிகாட்டிச் சங்கம் அதுவே, இன்றும் இயங்குகிறது. அதன் விதிகளைப் பார்த்தால், அது எந்தக் காயத்திலிருந்து பிறந்தது என்பது விளங்கும். விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு உதவ ஒரு பொது நிதி. வரிசை முறைப்படி வேலை. பயணி தன் விருப்பத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வரிசை முறையை ஆங்கிலப் பயணிகள் கடுமையாக வெறுத்தார்கள். திறமையுள்ளவனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பறிபோகிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தவறான வழிகாட்டியால் பயணிக்கு வரும் ஆபத்தைப் பற்றி மட்டுமே அந்த வாதம் கவலைப்பட்டது. தவறான பயணியால் வழிகாட்டிக்கு வரும் ஆபத்தைப் பற்றி ஹாமெலின் மூவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவர்களும் ஒருநாள் வந்தார்கள். பனியாறு நகரும் வேகத்தைக் கணித்த ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், உடல்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் கீழே வெளிப்படும் என்று சொல்லியிருந்தார். 1861இல் போஸோன் பனியாற்றின் அடிவாரத்தில் எலும்புகளும் துணிக் கிழிசல்களும் உபகரணத் துண்டுகளும் வெளிவந்தன. அன்று பிழைத்த வழிகாட்டிகளில் ஒருவர் அப்போதும் உயிரோடிருந்தார். முதுமையின் தள்ளாமையோடு வந்து, தன் இளவயதுத் தோழர்களின் மிச்சங்களை அடையாளம் காட்டினார். இறந்தவர்கள் இளைஞர்களாகவே திரும்பி வந்தார்கள். இவர் மட்டும் கிழவராகியிருந்தார்.

இந்த இடத்தில் நம் ஆற்றுப்படை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். மலைவழியின் இடர்களையும், தங்குமிடங்களையும், அங்கே கிடைக்கும் உணவையும் சொல்கிறான். வழி சொல்பவனும் வழி கேட்பவனும் ஒரே வறுமையின் மக்கள். ஆல்ப்ஸில் உருவான உறவு இதற்கு நேர்மாறானது. வழி அறிந்தவன் ஏழை. வழி கேட்பவன் செல்வன். போதாததற்கு, வழி சொன்னவனுக்கு நற்சான்று எழுதும் அதிகாரமும் கேட்டவனிடமே இருந்தது. ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரு சான்றேடு வைத்திருப்பார். பயணம் முடிந்ததும் பயணி அதில் தன் மதிப்பீட்டை எழுதிக் கையொப்பமிடுவார். அடுத்த பயணி அதைப் படித்துத்தான் அவரை அமர்த்துவார். தன் பிழைப்பைத் தீர்மானிக்கும் அந்த ஆங்கில வரிகளைப் படிக்கத் தெரியாத வழிகாட்டிகள் பலர்.

1851இல் ஆல்பர்ட் ஸ்மித் என்ற லண்டன் கேளிக்கையாளர் மோன் பிளாங் ஏறிய கதை, இந்த உறவின் நகைச்சுவைப் பக்கம். பயணிகள் நால்வர், வழிகாட்டிகள் பதினாறு பேர், அவர்களுக்கும் மேல் சுமைகூலிகள். உணவுப் பட்டியலில் சாதாரண ஒயின் மட்டும் 60 புட்டிகள், கோழிகள் 46. இறங்கி வந்து பிக்காடிலியில் ஒரு கூடத்தை எடுத்து, படங்களைத் திரையில் ஓடவிட்டு, பாட்டும் வேடிக்கையுமாக அந்தப் பயணத்தை ஆறு ஆண்டுகள் நிகழ்த்தினார். லண்டனின் நடுத்தர வர்க்கத்துக்கு ஆல்ப்ஸ் மேல் மையல் ஏற்பட்டது கவிஞர்களால்தான் என்று இலக்கிய வரலாறுகள் சொல்லும். ஸ்மித்தின் பங்கையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

1857 டிசம்பரில் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது. வழக்கறிஞர்கள், பாதிரிமார்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள். ஆண்டு முழுதும் நாற்காலியில் இருந்துவிட்டுக் கோடையில் ஆறு வாரம் உடலை வருத்த விரும்பியவர்கள். மலையேற்றம் அறிவியலின் துணைத்தொழில் என்ற நிலை மாறி, தனக்குத்தானே காரணமான விளையாட்டாக ஆனது இவர்களால்தான். ஜான் ரஸ்கினுக்கு அது பொறுக்கவில்லை. தாம் இளமை முதல் வழிபட்ட மலைகளை இவர்கள் திருவிழா வழுக்குமரமாக்கிவிட்டார்கள் என்ற பொருள்பட, 1865இல் வெளியான 'செசமி அண்ட் லில்லீஸ்' நூலில் சாடினார். அதற்குப் பதில் போலவே லெஸ்லி ஸ்டீஃபன் 1871இல் தம் நூலுக்கு 'ஐரோப்பாவின் விளையாட்டு மைதானம்' என்று பெயர் வைத்தார். நம் வாசகர்களுக்கு அவர் வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை. 'டு த லைட்ஹவுஸ்' நாவலின் ராம்ஸே பாத்திரத்துக்கு மூலம். முன்னாள் பாதிரியார், கேம்பிரிட்ஜில் படகோட்டப் பயிற்சியாளர், அயராமல் நடப்பவர்.

ஸ்டீஃபனை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அவர் ஏறிய சிகரங்களின் பட்டியல் அன்று. தம் ஏற்றங்களை உண்மையாக வருணிப்பதானால், வழிகாட்டி ஒருவர் தம் திறமையால் சிகரத்தை எட்டினார், தோள்மூட்டையோடு கூடவே எஜமானனையும் கொண்டுசேர்க்க வேண்டியிருந்ததால் அவர் வேலை இன்னும் கடினமாயிற்று என்றுதான் எழுத வேண்டும் என்னும் கருத்தை அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அந்த வர்க்கத்தில் இப்படி எழுத ஒரு மனத்துணிவு வேண்டும். இன்னொரு நிகழ்ச்சியையும் அவரே பதிவுசெய்தார். லண்டன் வந்த ஒரு ஸ்விஸ் வழிகாட்டியோடு ரயிலில் போகிறார். பார்த்த இடமெல்லாம் புகைபோக்கிகள். மோன் பிளாங் உச்சியிலிருந்து நாம் சேர்ந்து பார்த்த காட்சி போல இது இல்லையே என்கிறார் ஸ்டீஃபன். அவருடைய தோழரோ, இதுதான் அதைவிட எவ்வளவோ அழகு என்று ஏக்கத்தோடு சொல்கிறார்.

அந்த வழிகாட்டி மெல்கியோர் ஆண்டெரெக் என்பார்கள். 1828இல் மைரிங்கன் அருகே பிறந்தவர், மரச்சிற்பி. அவருடைய சிற்பங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டதுண்டு. அழகுணர்ச்சி இல்லாத நாட்டுப்புறத்தான் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அவருடைய ஏக்கத்தைப் புரிந்துகொள்ள அன்றைய மலைக்கிராமங்களைப் பார்க்க வேண்டும். நீண்ட குளிர்காலம், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு நிலங்கள், பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போகும் குடும்பங்கள். ஆல்ப்ஸ் கிராமங்களில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் பலர். பயணக் குறிப்பு எழுதிய அநேகமாக எல்லோரும் அதைக் கண்டு முகம் சுளித்து எழுதியிருக்கிறார்கள். காரணம் அயோடின் குறைபாடு. ஆதிப் பனியாறுகள் மண்ணை வழித்துச் சென்றபோது அயோடினும் சேர்ந்து போய்விட்டது. வந்தவர் கண்டு மெய்சிலிர்த்த பனியே, இருந்தவரின் கழுத்தில் கழலையாகத் தொங்கியது. 1922இல் ஸ்விட்ஸர்லாந்தில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பிறகே அந்த நோய் மறையத் தொடங்கிற்று. புகைபோக்கி என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் சோறு என்று ஒருவர் நினைத்திருந்தால் அதை இரசனைக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டெரெக்கும் ஸ்டீஃபனும் உண்மையில் நண்பர்கள்தான். வாக்கர் குடும்பத்தோடும் ஆண்டெரெக்குக்கு அப்படியொரு நெடிய உறவு இருந்தது. 1871இல் மேட்டர்ஹார்ன் ஏறிய முதல் பெண்ணான லூசி வாக்கர் அவர் துணையோடுதான் ஏறினார். ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், தாம் விரும்பியவை மலைகளும் மெல்கியோரும்தான், மெல்கியோருக்கோ முன்பே மனைவி இருக்கிறாள் என்று லூசி பதிலளித்ததாகச் சொல்வார்கள். ஆண்டாண்டாக ஒரே கயிற்றில் கட்டப்பட்டு நடந்தவர்களுக்குள் நெருக்கம் ஏற்படாமல் இருக்காது. அந்த நெருக்கம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது 1865இல் தெரிந்தது.

எட்வர்ட் விம்பர் லண்டனில் மரச்செதுக்கோவியத் தொழில் செய்தவர். 1860இல், இருபது வயதில், ஒரு பதிப்பாளருக்கு மலைக்காட்சிகள் வரைந்துதர ஆல்ப்ஸ் வந்து, மேட்டர்ஹார்னிடம் மனம் பறிகொடுத்தார். 4,478 மீட்டர் உயரமான அந்தச் சிகரம் அதுவரை யாருக்கும் வசப்படவில்லை. இத்தாலியப் பக்கத்தில் அதே மலையை முயன்றுகொண்டிருந்தவர் ஷான் அந்துவான் கரெல். இவரைக் கூலி வழிகாட்டி என்று சொல்லி முடித்துவிட முடியாது. 1859 போரில் சோல்ஃபெரினோவில் சண்டையிட்ட சிப்பாய். மேட்டர்ஹார்ன் தன் பள்ளத்தாக்கின் மலை. தன் பக்கத்திலிருந்து, தன் நாட்டுக்காக, தான் ஏற வேண்டும் என்று நினைத்தவர். விம்பரோடு பலமுறை முயன்றார், சண்டையும் போட்டார். 1865 ஜூலையில், புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த இத்தாலிய ஆல்பைன் கிளப்பின் சார்பில் வந்தவர்களோடு கரெல் ரகசியமாகக் கிளம்பிவிட்டார் என்று அறிந்ததும் விம்பர் கொதித்துப் போனார். இதைத் துரோகம் என்றே அவர் நூல் படிப்பவர்கள் எண்ணுவார்கள். ஒரு வழிகாட்டிக்குத் தன் மலைமேல் சொந்தமாக ஓர் ஆசை இருக்கலாம் என்பது அன்று யாருக்கும் எளிதில் தோன்றியிருக்காது.

விம்பர் மலையைச் சுற்றி செர்மாட்டுக்கு விரைந்தார். அவசரத்தில் ஒரு குழு சேர்ந்தது. பதினெட்டு வயதான பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு, மலையேற்றத்தில் தேர்ந்த பாதிரியார் சார்லஸ் ஹட்ஸன், அவர் அழைத்து வந்த பத்தொன்பது வயதான, அனுபவம் குறைந்த ஹாடோ. ஷமோனியின் சிறந்த வழிகாட்டியான மிஷேல் குரோ. செர்மாட்டின் பீட்டர் டவ்க்வால்டர், அதே பெயருள்ள அவர் மகன். ஜூலை 14 பிற்பகல் எழுவரும் உச்சியில் நின்றார்கள். கீழே இத்தாலியச் சரிவில் கரெலின் குழு புள்ளிகளாகத் தெரிந்தது. அவர்கள் கவனத்தை ஈர்க்க விம்பர் கற்களைத் தள்ளிவிட்டார். மனமுடைந்து இறங்கிய கரெல் மூன்று நாள் கழித்துத் தன் பக்கத்திலிருந்து ஏறி முடித்தார்.

இறங்கும்போது ஹாடோ வழுக்கி முன்னால் இருந்த குரோவின் மேல் விழுந்தார். அவர்களின் பாரம் ஹட்ஸனையும் டக்ளஸையும் இழுத்தது. மேலே இருந்த மூவரும் பாறையைப் பற்றிக்கொண்டார்கள். டக்ளஸுக்கும் மூத்த டவ்க்வால்டருக்கும் இடையில் கயிறு அறுந்தது. நால்வரும் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே போய் விழுந்தார்கள். டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அறுந்தது இருந்த கயிறுகளிலேயே நலிந்தது. அதை ஏன் அங்கே கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. கிழவர் தன் உயிருக்காகக் கயிற்றை அறுத்துவிட்டார் என்ற வதந்தி உடனே கிளம்பியது. செர்மாட்டில் நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனால் அதன் பதிவுகள் 1920 வரை வெளிவரவில்லை. கயிறு அறுக்கப்படவில்லை, அறுந்தது என்று விம்பர் எழுதினார். கூடவே, அந்த நலிந்த கயிற்றைத் தேர்ந்தவர் டவ்க்வால்டர் என்ற ஐயத்துக்கும் இடம் வைத்தார். இதைவிடக் கொடிய ஒன்றும் அவர் நூலில் உண்டு. விபத்து நடந்த அன்று மாலையே தந்தையும் மகனும் கூலி பற்றிப் பேசினார்களாம். எங்களை அமர்த்திய டக்ளஸ் இறந்துவிட்டார், யார் தருவார்கள் என்று கேட்டார்களாம். நான் தருகிறேன் என்று விம்பர் சொன்னதும், வேண்டாம், எங்களுக்குக் கூலி தரப்படவில்லை என்று விடுதிப் பதிவேட்டில் எழுதுங்கள், அதைப் படித்து அடுத்த ஆண்டு நிறையப் பயணிகள் வருவார்கள் என்றார்களாம். மகன் பிற்காலத்தில் இதை மறுத்தார்.

உண்மை எதுவானாலும், இந்தப் பத்தியைப் படிக்கும்போது மொழியை மறக்கக் கூடாது. டவ்க்வால்டர்கள் தமக்குள் பேசியது வாலே மாநிலத்து ஜெர்மன் வட்டார வழக்கு. விம்பருக்கு அது விளங்காது. நால்வரைச் சற்று முன் பறிகொடுத்து நடுங்கும் மூவர், மகனின் அரைகுறை மொழிபெயர்ப்பில் பேசியது அது. மலையில் ஒரு பருவம் தவறினால் வீட்டில் ஓராண்டு பட்டினி என்று அறிந்த ஒருவர், தன் பெயர் இனி என்னாகும் என்று கவலைப்பட்டதை, விம்பரின் நூல் பேராசையாகவே உலகத்துக்குச் சொன்னது. அந்நூல் பல பதிப்புகள் கண்டது. மூத்த டவ்க்வால்டருக்கு அப்படியொரு நூல் இல்லை. வதந்தி தாளாமல் சில காலம் அமெரிக்கா போய்விட்டுத் திரும்பினார். 1888இல் மேட்டர்ஹார்ன் அடிவாரத்தில் கருங்குளம் என்று பொருள்படும் ஷ்வார்ஸே ஏரிக்கரையில் இறந்தார். அந்தக் கயிற்றுத் துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் கனம்கூட இராது.

கரெலின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பகையும் நட்புமாக விம்பரோடு அவர் உறவு தொடர்ந்தது. 1880இல் எக்குவடோரில் சிம்போராசோ சிகரத்தில் முதலில் ஏறியபோது விம்பரோடு கரெல் இருந்தார். 1890 ஆகஸ்டில், மேட்டர்ஹார்னில் பெரும்புயலில் சிக்கிய இசையமைப்பாளர் சினிகாலியாவை அவர் கீழே கொண்டுசேர்த்தார். பயணி ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று உறுதியான பிறகு, மேய்ச்சல் நிலத்தை நெருங்கும் இடத்தில், விழுந்து இறந்தார். அறுபதைத் தாண்டிய வயது.

இதற்குள் கூட்டம் பெருகிவிட்டது. தாமஸ் குக்கின் முதல் ஸ்விஸ் சுற்றுலா 1863 ஜூனில் லண்டனிலிருந்து கிளம்பியது. அதில் சென்ற ஜெமிமா மோரெல் என்ற பெண்ணின் நாட்குறிப்பு நூறாண்டு கழித்து அச்சானது. விரிபாவாடையோடு பனியாற்றில் நடந்தும், விடியுமுன் எழுந்து கணவாய் ஏறியும் சலிக்காத பெண்கள் அவர்கள். 1885இல் அல்ஃபோன்ஸ் தோதேயின் 'ஆல்ப்ஸில் தார்த்தரன்' வெளிவந்தது. ஸ்விட்ஸர்லாந்து முழுவதையும் ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது, பனிப்பிளவில் விழுந்தாலும் கீழே ஆள் நிற்பான் என்று அதில் ஒருவர் தார்த்தரனை நம்பவைப்பார். பகடிதான், ஆனால் அந்தக் கம்பெனி இன்று வெவ்வேறு பெயர்களில் உலகமெங்கும் இருக்கிறது.

வழிகாட்டிகளின் குரல் வெகு தாமதமாகவே அச்சேறியது. எங்கடீன் பகுதியின் கிறிஸ்டியன் குளுக்கர் எழுதிய நினைவுகள் 1928இல் அவர் இறந்த பிறகு, 1930இல் வந்தன. தன்னை ஆண்டுக்கணக்கில் அமர்த்திய ரிட்ஸெவ்ஸ்கி என்ற பிரபுவைப் பற்றிய கசப்பு அதில் மறைவில்லாமல் இருக்கிறது. அதுவரை வழிகாட்டிகளின் சான்றேடுகளில் பயணிகள் எழுதிவந்தார்கள். இங்கே ஒரு வழிகாட்டி, பயணிக்குச் சான்று எழுதினார்.

குளிர்காலப் பக்கம் சற்று மகிழ்ச்சியானது. நார்வேயில் டெலிமார்க் விவசாயிகளின் நடைமுறைத் தேவையாக இருந்த பனிச்சறுக்குக் கட்டைகள், நான்சென் 1888இல் கிரீன்லாந்தைக் கடந்து அதைப் பற்றி எழுதிய பிறகு ஆல்ப்ஸில் கவனம் பெற்றன. டாவோஸில் பிராங்கர் சகோதரர்கள் அவற்றை வரவழைத்து, ஊரார் கேலிக்கு அஞ்சி இருட்டிய பின் பழகினார்கள். தாமஸ் மன்னின் 'மாய மலை' வழியாக நாம் அறிந்த டாவோஸ், காசநோயாளிகளின் ஊர். மனைவியின் நோய்க்காக அங்கே வந்து தங்கியிருந்தார் ஆர்தர் கோனன் டாயில். 1894 மார்ச்சில் பிராங்கர்கள் அவரைக் கணவாய் தாண்டி அரோஸாவுக்கு அழைத்துச் சென்றார்கள். விழுந்தும் உருண்டும், காற்சட்டை தேய அமர்ந்தே சறுக்கியும் போய்ச் சேர்ந்ததை அவர் எழுதினார். ஒருநாள் ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் இதற்காகவே வருவார்கள் என்றும் எழுதினார். அரோஸா விடுதிப் பதிவேட்டில் அவருடைய தொழில் என்ன என்ற இடத்தைத் தோபியாஸ் பிராங்கர் நிரப்பினார். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவருக்கு அந்த ஊர்க்காரர் தந்த பட்டம், விளையாட்டு வீரர். நான் அறிந்தவரை, பயணியை உள்ளூர்க்காரர் தன் கையால் பெயரிட்டு எழுதிய இடம் இது ஒன்றுதான். அதில் இருந்தது மரியாதையா குறும்பா என்று டாயிலுக்கே தெரிந்திருக்காது.

லெஸ்லி ஸ்டீஃபன் 1859 ஆகஸ்டில் முதன்முதலாக ஏறிய சிகரங்களில் ஒன்று பீட்ஷ்ஹார்ன். லோட்ஷன் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கிறது. அவரை ஏற்றியவர்கள் அந்தோன் ஸீகன், யோகான் ஸீகன், யோசஃப் ஏபனர். ஸீகன், ஏபனர் இரண்டும் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய குடிப்பெயர்கள். ஸ்விட்ஸர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் பருமனில் 10 சதவீதத்தை இழந்தன. 2025 மே மாதம் பீட்ஷ்ஹார்ன் சரிவுகளை ஒட்டிய ஒரு முகட்டிலிருந்து பாறைகள் உதிர்ந்து, கீழிருந்த பிர்ஷ் பனியாற்றின் மேல் குவியத் தொடங்கின. மே 19 அன்று பிளாட்டன் கிராமத்தார் சுமார் 300 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். மே 28 பிற்பகல் பனியாறு பாறையோடு சேர்ந்து சரிந்து, கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. ஒருவர் இறந்தார். ஆறு அடைபட்டு எஞ்சிய வீடுகளிலும் நீர் ஏறியது.

மாடுகள் ஆல்புக்கு ஏறத் தயாராகும் பருவம் அது. ஊர் காலியானபோது அவற்றைக் கீழே ஓட்டிச் சென்றார்கள். காலில் அடிபட்டு நடக்க முடியாதிருந்த ஒரு பசுவை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது.